மோரில் போடாத வாழைக்காய்

இன்று காலை செல்வி வறுவலுக்கு வாழைக்காய் நறுக்கினாள். தட்டு நிறைய வில்லைகள். அதற்குள் வாசலில் கேஸ்காரன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து கத்தினான், எழுந்து போய்விட்டாள். திரும்பி வருவதற்குள் வில்லைகளின் ஓரம் பழுப்பேறி, நடுவில் கறுப்பு படர்ந்துவிட்டது. நான் சமையற்கட்டு நிலைப்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தேன் என்பதை நீ கவனிக்க வேண்டும். அந்தக் கறுப்பைப் பார்த்ததும் உன் குரல் காதுக்குள் வந்தது.

"மோர்ல போடாம எவன்டா வாழைக்காயை வெளியில வெச்சவன்?"

செல்வி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க மாமா, பார்த்துக்கிட்டேதானே நிக்கிறீங்க? ஒரு சொம்பு தண்ணியாச்சும் ஊத்தக் கூடாதுங்களா?"

"பேனா எடுத்துட்டு வா கண்ணு" என்றேன்.

"வாழைக்காய்க்கும் பேனாவுக்கும் என்னங்க சம்பந்தம்?"

உனக்குத் தெரியும் என்ன சம்பந்தம் என்று. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உனக்கும் தெரியாது. நான் சொல்ல என் மருமகள் எழுத, படிக்கத் தெரியாத உனக்கு, விலாசமும் இல்லாமல் போகிற மடல் இது. செல்வி மேட்டூர்ப் பக்கத்துப் பெண், தமிழில் எழுதுவாள். என் மகன் முருகேசனுக்குக் கன்னட எழுத்து மட்டும்தான். ஆகவே அவனைப் பற்றி இதில் என்ன சொன்னாலும் அவனுக்குத் தெரியப்போவதில்லை என்று செல்வி சிரிக்கிறாள்.

நாம் இரண்டு பேரும் ஒரே வேலைக்காரர்கள். மைசூரில் தமிழ் வீட்டுக் கல்யாணம் என்றால் சத்திரத்துச் சமையலுக்கு உன்னைக் கூப்பிடுவார்கள், அல்லது என்னை. நீ கோபிநத்தத்திலிருந்து வந்தவன், நான் மார்டள்ளி. இரண்டு ஊரும் ஒரே காட்டின் இரண்டு ஓரம்தான். ஆனாலும் வாலிப வயதிலிருந்து தலை நரைக்கும்வரை நமக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் என் சாம்பார். ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நீ சொன்ன சொல் நம் பேட்டை மண்டி மொஹல்லா முழுக்கப் பரவியது: "மார்டள்ளிக்காரன் பருப்பைப் போட மாட்டான். கொதிக்கிற தண்ணிக்குப் பருப்பைக் காட்டிட்டு, திரும்ப எடுத்து வெச்சிடுவான்." நானும் சும்மா இருக்கவில்லை. உன் ரசத்தில் வேட்டியைத் தோய்த்தால் சாயம் நிற்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

எதிரில் பார்த்துவிட்டால் மட்டும் மரியாதைக்குக் குறைவிருக்காது. "வாங்க மாஸ்டர்", "இருக்கட்டுங்க மாஸ்டர்." நம் மரியாதை எல்லாம் பகையில்தான் இருந்தது. சிநேகம் வந்த பிறகு 'டா' போடாமல் ஒரு வாக்கியம் பேசியிருப்போமா?

பேசிக்கொள்ளாத அந்தக் காலத்திலும் நாம் குடித்த புகை ஒன்றுதான். சத்திரங்களின் பின்கட்டில், கூரை தாழ்ந்த கொட்டகையில், கோட்டை அடுப்பு. ஆள் நீளத்துக்கு வெட்டிய குழி, மேலே வரிசையாக அண்டாக்கள். மழைக்காலத்து முகூர்த்தத்துக்கு வரும் நீலகிரி மரத்து விறகு ஈரம் காயாமல் சீறும். குனிந்து ஊதி ஊதித்தான் பிடிக்க வைப்போம். கண்ணில் நீர், தொண்டையில் கரி. இருமினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சமையல்காரன் இருமுவது, நாயனக்காரன் கன்னம் உப்புவது மாதிரி தொழிலோடு வந்தது என்று நினைத்திருந்தோம். நான் பீடி தொட்டதில்லை. நீயும் வெற்றிலையோடு சரி. நெஞ்சு எப்படிக் கெட்டது என்று பிற்பாடு ஆட்கள் கேட்டபோது நமக்கே விளங்கவில்லை.

முதலில் படுத்தது நான். ஒரு பனிமாதத்தில் மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழாயெல்லாம் வைத்துப் பிழைக்கவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகுதான் நான் அழியத் தொடங்கினேன் என்றால் நீ ஒத்துக்கொள்வாய்.

வீட்டில் என் மேல் அவ்வளவு பிரியம். எங்கள் வீடு உனக்குத் தெரியும். ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டு குடித்தனம். இங்கே வட்டாரா என்பார்கள். எட்டு குடித்தனமும் வந்து பார்த்தது. வந்தவர்கள் பன்னும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, "அசையாதீங்க. மூச்சு செலவாகிடும்" என்றார்கள். மூச்சு என்ன, பானையில் இருக்கும் அரிசியா, செலவாக? ஆனால் அப்போது எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. எழுந்தால் இரைக்கிறது, படுத்தால் இரைக்கவில்லை. ஆகவே படுத்தேன். தண்ணீர் வேண்டுமென்றால் வாய்க்குப் பக்கத்தில் வந்தது. திரும்பிப் படுக்க முருகேசன் வந்து திருப்பினான்.

அதோடு பத்தியம். தயிர் சளி, வாழைப்பழம் சளி, கீரை குளிர்ச்சி, பருப்பு வாயு, முட்டை சூடு. ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை இலையிலிருந்து எடுத்தார்கள். மிஞ்சியது அரிசிக் கஞ்சியும் மிளகு ரசமும். ஊருக்கெல்லாம் பன்னிரண்டு வகை போட்டு இலை நிறைத்தவன், ஒரு கிண்ணம் கஞ்சியில் பாதியை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். மென்றால்கூட மூச்சு வாங்கியது.

கால் போனது எப்போது என்று எனக்குத் தெரியாது. அண்டாவை இரண்டு பேராகத் தூக்கி இறக்கிய கால். ஒருநாள் போர்வையை விலக்கிப் பார்த்தால் முட்டி மட்டும் பெரிதாகவும் தொடை மெலிந்தும் கிடந்தன. யாருடைய காலையோ கொண்டுவந்து என் இடுப்பில் சொருகிவிட்ட மாதிரி இருந்தது.

எங்கள் வட்டாராவில் கக்கூஸ் முற்றத்தின் கடைசியில், துவைகல்லைத் தாண்டி. முதலில் முருகேசன் தாங்கிக் கூட்டிப் போனான். பிறகு தூக்கிக்கொண்டு போனான். அவன் ஃபாக்டரிக்குப் போகிற நேரத்தில் எனக்கு வந்துவிட்டால்? கட்டிலுக்குக் கீழே ஒரு பாத்திரம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனது யார்? செல்வி.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. "இதெல்லாம் எதுக்குங்க எழுதணும்?" என்கிறாள். எழுது கண்ணு. அவள் ஒருநாளும் மூக்கைச் சுளித்ததில்லை. அவள் சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முந்தானையை மேலே போட்டு மூடிக்கொண்டு, எட்டு வீட்டு வாசலையும் கடந்து, தலை நிமிர்ந்து போவாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். எங்கள் மலைச்சாமி மாதேஸ்வரனிடம் ஆயுசு கேட்கவில்லை நான். முற்றத்தின் கடைசிவரை என் காலில் போய், என் கையால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன். அவன் உன்னை அனுப்பினான். அவனுக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு.

நெஞ்சு வியாதிப் பிரிவில், மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்த பெஞ்சில்தான் உன்னைப் பார்த்தேன். எனக்குச் சக்கர நாற்காலி வண்டி. முருகேசன் பின்னால் பிடித்திருந்தான். நீ கம்பு ஊன்றி, தோளில் துண்டோடு, பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தாய். இரைத்துக்கொண்டுதான் வந்தாய். எதிரே நின்று மேலிருந்து கீழாக என்னைப் பார்த்தாய்.

"வாங்க மாஸ்டர்."

"வந்தேனுங்க." அதற்கே எனக்கு மூச்சு முட்டியது.

"நல்ல வண்டிங்க. நாலு அண்டா ஏத்தலாம்."

முருகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பாவைப் பேச வைக்காதீங்க. அவர் அசையக் கூடாது."

"எந்த டாக்டரு தம்பி சொன்னாரு?"

முருகேசன் பையிலிருந்த பழைய சீட்டுகளைப் புரட்டினான். எந்த டாக்டரும் சொல்லவில்லை. என் அண்ணன் சொன்னார், எதிர்வீட்டம்மா சொன்னாள், பன் கொண்டுவந்த அத்தனை பேரும் சொன்னார்கள். அதைத்தான் நாங்கள் இத்தனை நாளும் டாக்டர் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

நீ குனிந்து என் வேட்டியை முட்டிக்குமேல் விலக்கினாய். முகம் மாறிவிட்டது. அதுவரை இருந்த கிண்டல் போய்விட்டது. "ஏன்டா மார்டள்ளி, இப்படி உருகிப்போயிட்டே?" என்றாய். அன்றைக்குத்தான் முதல் 'டா'.

உன்னோடு சேர்ந்துதான் டாக்டரம்மாவிடம் உள்ளே போனேன். உன் முறை அது. என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். கன்னடத்தில்தான் பேசுவார்கள். "ஏன் யஜமான்ரே, கூட்டாளியைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள்.

"கூட்டாளி இல்லம்மா, விரோதி. காலைப் பாருங்க."

பார்த்தார்கள். ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார்கள். எழுந்திருக்க முடியவில்லை. பிட்டம் பலகையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி, மறுபடி விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கெட்டது நெஞ்சுதானேம்மா? கால் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

அந்தம்மா நாம் என்ன தொழில் என்று விசாரித்துவிட்டு, "வாழைக்காயை நறுக்கி வெளியில வெச்சா என்ன ஆகும்?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்கள்.

"கறுத்துப்போகும்" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். நம் ஆயுசில் நாம் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"எதனால?"

"காத்துப் பட்டு."

"அதே காத்துதான் உள்ளேயும். உயிரை வெச்சிருக்கிறது அதுதான், கட்டுல இல்லேன்னா அரிக்கிறதும் அதுதான்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டதை என் வார்த்தையில் சொல்கிறேன். புகை தின்ற நெஞ்சுக்குள் ஒரு கங்கு அணையாமல் கிடக்கிறது. அதன் பொறி ரத்தத்தோடு ஓடி உடம்பெல்லாம் போகிறது. கால் சதையிலும் விழுகிறது. சதையை அது கறுக்க வைக்கிறது, துரு மாதிரி அரிக்கிறது. அதற்கு எதிராக உடம்பு தனக்குத்தானே ஒரு மோர் வைத்திருக்கிறது. நாம் வாழைக்காயைப் போட்டுவைக்கிற மோர் மாதிரி. இந்த வியாதியில் அந்த மோர் போதாமல் போய்விடுகிறது. அதற்கு மேல் படுத்தே கிடந்தால் வேலையில்லாத சதை இன்னும் கரையும். வயிற்றுக்கும் போடாவிட்டால், உடம்பு வேறு வழியில்லாமல் தன் சதையையே எடுத்துத் தின்னும். என் காலை நெஞ்சு கொஞ்சம் தின்றது, கட்டில் கொஞ்சம் தின்றது, பத்தியம் மிச்சத்தைத் தின்றது.

நீ விடவில்லை. "அந்த மோரு மருந்துக்கடையில கிடைக்குமுங்களா?"

அந்தம்மா சிரித்தார்கள். "டப்பாவுல அடைச்சு விக்கிறாங்க. அதை நம்பிக் காசைத் தொலைக்காதீங்க. மெதுமெதுவா வேலை வாங்கினா உடம்பே அந்த மோரைக் கொஞ்சம் கொஞ்சமா உண்டாக்கிக்கும். நல்லாச் சாப்பிடணும், நடக்கணும்."

"அப்படின்னா நெஞ்சு சரியாகிடுமாம்மா?" இது நான்.

"இல்லை தாத்தா" என்றார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். "நெஞ்சு கறுத்தது கறுத்ததுதான். அது வெளுக்காது. ஆனா கால் இன்னும் கறுத்து முடியலை."

வெளியே வந்ததும் நீ முருகேசனிடம், "நாளைக்குக் காலையில வர்றேன். நாற்காலி ஒண்ணு முற்றத்துல போட்டு வை" என்றாய். அவன் உன்னைப் பார்த்த பார்வையில் உன் ரசம் திரிந்திருக்கும்.

அடுத்த சந்தில், அரிசிக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் நீ இருந்தாய். உன் வீட்டம்மா போன பிறகு தனியாகவே பொங்கித் தின்றாய். அந்தச் சந்திலிருந்து எங்கள் வாசலுக்கு வர உனக்கு எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது என்பதை நான் அப்போது நினைத்துப் பார்த்ததில்லை. கையில் ஒரு தூக்குப்பாத்திரம் வேறு.

"என்னடா அது?"

"சாம்பார். உள்ள பருப்பு இருக்குது. நீ பார்த்திருக்க மாட்டே."

முட்டையும் கொண்டுவந்தாய். கொள்ளு வேகவைத்து வடித்த கட்டுத் தண்ணீரும், ராகிக் களியும் கொண்டுவந்தாய். ஒரேயடியாக வைத்தால் மூச்சு முட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்கச் சொல்லி, செல்வியிடம் கிண்ணத்தைக் காட்டிவிட்டுப் போவாய். எதிர்வீட்டம்மா வாசலில் நின்று, "தயிர் கொடுக்குறாங்களே, சளி கட்டிடாதா?" என்று கேட்டதற்கு நீ, "கட்டினா உங்க வீட்டுக்கு அனுப்புறேன், சும்னிருங்க" என்று பாதிக் கன்னடத்தில் அதட்டினாய். அன்றிலிருந்து அந்தம்மா வாயைத் திறக்கவில்லை. உன் சாம்பாரை ஆயுசில் முதல் தடவையாகச் சாப்பிட்டேன். "எப்படி?" என்று கேட்டாய். "உப்பு கம்மி" என்றேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. அது உனக்கும் தெரியும்.

எழுந்து நிற்கிற வேலைதான் பெரிய வேலை. நாற்காலியில் உட்கார்ந்து எழவேண்டும். அவ்வளவுதான். ஆனால் எழும்போது என் மூச்சு முன்னால் ஓடிவிடும். உடம்பு பின்னால் கிடக்கும். நான் பயந்து, வாயைப் பிளந்து, காற்றை உள்ளே உள்ளே இழுப்பேன். நீ அதட்டுவாய்.

"இழுக்காதடா, விடு! உள்ள இடமில்லாம எங்க இழுக்கிறே? முதல்ல வெளியே விடு."

"எப்படிடா விடுறது?"

"அடுப்பை ஊதுற மாதிரி ஊதாதே. உள்ளங்கையில குழம்பு விட்டு ருசி பார்ப்பியே, அப்ப சூடு ஆத்துறதுக்கு எப்படி ஊதுவே? உதட்டைக் குவிச்சு, மெதுவா. அப்படி ஊது."

டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததுதான் அது. ஆனால் உள்ளங்கைக் குழம்பு உன்னுடையது. இன்றைக்கும் படி ஏறும்போது இடது உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துத்தான் ஊதுகிறேன். பார்க்கிறவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைக்கிறார்கள்.

மெல்ல எழுந்தேன். பிறகு செல்வியின் தோளைப் பிடித்துத் துவைகல்வரை. அங்கேதான் அந்த நாள் வந்தது. துவைகல்லுக்குப் பக்கத்தில் முட்டி இரண்டும் சொல்லாமல் மடிந்துவிட்டன. ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். உதடு நீலம் பாய்ந்ததாம். நேரம் பார்த்து முருகேசன் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தான். என்னை வாரித் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, வெளியே வந்து உன் முகத்துக்கு நேரே சொன்னான்: "எங்கப்பாவைக் கொன்னுட்டுத்தான் விடுவீங்களா? உங்க தொழில் விரோதத்தை இங்க வந்து தீர்த்துக்காதீங்க. நாளையிலருந்து வராதீங்க."

நீ வாயாடி. அன்றைக்குத் தூக்குப்பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கம்பை ஊன்றிக்கொண்டு போனாய். கட்டிலிலிருந்து உன் முதுகு தெரிந்தது. வாசல் தூணைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போனாய். கட்டிலுக்கடியில் அந்தப் பாத்திரம் அப்படியே இருந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் பயம் அது. பாவம், அவன் மூச்சையும் சேர்த்து நான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த காலை நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் செல்வி கையால் எழுதட்டும். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனவள், கழுவி வைத்துவிட்டு, வீட்டுக்குள் வராமல் நேரே தெருவுக்குப் போனாள். அடுத்த சந்துக்குப் போய் உன் கதவைத் தட்டியிருக்கிறாள். "பெரியப்பா, வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். உன்னை அவள் தன் பிறந்த வீட்டு முறை வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல். உன்னைக் கையோடு கூட்டிவந்து முருகேசன் எதிரே நிறுத்தினாள்.

"இவர் சொல்லித்தரட்டும். பிடிச்சுக்கிறது நான். ஆஸ்பத்திரியில விரல்ல மாட்டிப் பார்ப்பாங்களே, அந்தக் கிளிப்பு வாங்கிட்டு வாங்க. மூச்சு குறைஞ்சா உட்கார வெச்சுடறேன். டாக்டரம்மாகிட்ட நானே போய்க் கேட்டுக்கிறேன்."

"விழுந்தா?"

"விழுந்தா எழுப்பலாமுங்க. படுத்தே இருந்தா எப்படிங்க எழுப்புறது?"

முருகேசன் என்னைப் பார்த்தான். "அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?" அந்த வியாதி வந்த பிறகு என் விருப்பத்தை ஒருவர் கேட்டது அதுதான் முதல்.

"அந்தக் கதவை நானே சாத்தணும்ப்பா" என்றேன். அவன் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனான். எங்கே வைத்தான் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

விரல் கிளிப்பு வந்தது. அவசரப்பட்டது நாம்தான் என்று டாக்டரம்மா உன்னைத் திட்டியதாகச் செல்வி வந்து சொன்னாள். நீ அதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. நாற்காலியைத் துவைகல்லுக்குப் பக்கத்தில் நடுவழியில் போட்டோம். அதுவரை நட, உட்கார், உள்ளங்கையில் ஊது, மறுபடி நட. சில நாள் போவேன். சில நாள் போக மாட்டேன். பனி இறங்கிய நாட்களில் நீயே எங்கள் வாசலில் உட்கார்ந்து இரைத்துக்கொண்டு, "இன்னிக்கு ரெண்டு பேருக்கும் லீவுடா" என்பாய். பிறகு வெயில் ஏறியதும், "லீவு முடிஞ்சுது, எழுந்திரு."

சங்கராந்தி கழிந்து, வட்டாராவில் எள்ளும் வெல்லமும் கைமாறி ஓய்ந்த ஒரு காலையில், எனக்கு வந்தது. செல்வி தோளைக் கொடுத்தாள். "இரு கண்ணு" என்றேன். எழுந்தேன். நீ முற்றத்தின் நடுவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாளியை ஓரம் இழுத்தார்கள். எதிர்வீட்டம்மா தன் பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ராஜா தசராவுக்குப் போகிற மாதிரி எல்லாரும் வழிவிட்டார்கள். நான் கக்கூசுக்குப் போனேன். நடுவழி நாற்காலியில் உட்கார்ந்தேன். ஊதினேன். எழுந்தேன். போய்ச் சேர்ந்தேன். உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்தது, இழுக்கப் பலம் வேண்டும். இழுத்தேன். விழுந்தது.

அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன்? ஒரு சின்ன இரும்புச் சத்தம். எத்தனையோ கல்யாணத்தில் கெட்டிமேளம் கேட்டிருக்கிறேன். எதுவும் எனக்கு இப்படிக் கேட்டதில்லை. உள்ளே இருட்டில் உட்கார்ந்து அழுதேன்.

வெளியே நீ கம்பால் கதவைத் தட்டினாய். "ஏன்டா மார்டள்ளி, உள்ள என்ன குடித்தனமா நடத்துறே? வெளியே வாடா, மத்தவங்களும் போகணும்!"

முற்றமே சிரித்தது. செல்வியும் சிரித்தாள். அவள் முந்தானை வெறுமனே தோளில் கிடந்தது. மூடிக்கொண்டு போக எதுவும் இல்லை.

நீ போனது அடுத்த பனியில். நெஞ்சில் சளி இறுகி, காய்ச்சல் வந்து, உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் பார்க்க வந்தேன். ஆட்டோ வாசலோடு நின்றுவிட்டது. அந்த நீள வராண்டாவை நடந்துதான் வந்தேன். சுவரோரம் போட்டிருந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து, உள்ளங்கையில் ஊதி ஊதி வந்தேன். மூச்சுக்கு வைத்த முகமூடிக்குள்ளிருந்து நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாய்.

"வண்டி எங்கடா?"

"அண்டா ஏத்த அனுப்பிட்டேன்."

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன், நாற்காலி கேட்கவில்லை. அதைப் பார்த்து உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் கேட்கவில்லை.

"இப்பவாச்சும் சொல்லு. என் சாம்பார்?"

"உப்பு கம்மி" என்றேன்.

"அது போதும்" என்றாய்.

நீ போன பிறகு டாக்டரம்மா என்னிடம் சொன்னார்கள்: உன் நெஞ்சு என்னுடையதைவிட மோசம். எங்கள் வீட்டுக்கு நீ நடந்து வந்த நாட்களிலேயே மோசம். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவ்வளவு காலம் உலாவியது உன் காலால்தான். ஆஸ்பத்திரியிலும், காய்ச்சல் முற்றி உன்னைக் கட்டிலில் சாய்க்கிறவரைக்கும் பாத்ரூமுக்கு நீயேதான் போனாயாம்; ஆயாம்மா பிடிக்க வந்தால், "நீங்க போய் வேற வேலை இருந்தா பாருங்கம்மா" என்பாயாம். கேட்டதும் எனக்கு அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. நான் கேட்ட வரத்தை உனக்கும் கொடுத்திருக்கிறான் மாதேஸ்வரன்.

என் வாசலுக்கு வந்தது எனக்காக மட்டுமா, உன் காலை நீ வேலை வாங்கிக்கொள்ள ஒரு காரணமும் வேண்டியிருந்ததா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் சரி. விரோதி வீட்டுக்குத் தூக்குப்பாத்திரத்தோடு மூச்சிரைக்க நடந்துவந்தவன் நீ. அந்தக் கடனை அடைக்கிற வழி எனக்குத் தெரியாது. தினமும் நடக்கிறேன், அதுதான் முடிகிறது. அரிசிக்கடை வரைக்கும் போவேன். உன் அறையில் இப்போது யாரோ ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். அங்கே நின்று ஊதிவிட்டுத் திரும்புவேன். நெஞ்சு அப்படியேதான் இருக்கிறது. சில நாள் கால் வலுவாக இருக்கிறது, சில நாள் நடுங்குகிறது. பத்தியம் என்று யாராவது வாயெடுத்தால் செல்வியே இப்போது உன் குரலில், "சும்னிருங்க" என்கிறாள்.

கறுத்த வாழைக்காயை அவள் கொட்டப் பார்த்தாள். நான் விடவில்லை. கழுவி மோரில் போடச் சொன்னேன். கறுத்தது வெளுக்கவில்லை. ஆனால் மிளகாய்த்தூள் போட்டு வறுத்த பிறகு என்ன வித்தியாசம்? முருகேசன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எப்படி இருக்கிறது என்று செல்வி என்னைக் கேட்டாள். என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு முற்றத்துக் கடைசிக்குப் போனேன். நடுவழி நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது அதில் எதிர்வீட்டம்மா உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்தேன். விழுந்தது. வேலை முடிந்தும் உடனே எழுந்திருக்கவில்லை. வெளியே கம்புச் சத்தம் கேட்குமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கையை ஊன்றாமல் எழுந்து, "வர்றேன் இருடா" என்று சொல்லிவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறந்தேன்.